திமிங்கிலம் வராததுக்கு யார் மன்னிப்புக் கேட்பது?

போன வருசம் ஜூன் மாதம், உப்புவெளிக் கடற்கரையில் நின்று, ஒரு வெளிநாட்டு மனிசனிடம் திமிங்கிலம் வராததுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்.

பகிடி இல்லை. கம்பஸ் லீவு விட்டால் திருகோணமலைக்கு வீட்டுக்கு வந்து ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்வேன். அறை காட்டுவது, தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுப்பது, விடிய ஐந்தரைக்கு ஆட்களை எழுப்பித் திமிங்கிலம் பார்க்கப் போட்டில் ஏற்றுவது, கூடவே போய் இங்கிலிசில் விளக்கம் சொல்வது. அன்றைக்கு ஆறு பேர். நாலு மணித்தியாலம் கடலில் சுத்தினோம். டொல்பின் கூட்டம் ஒன்று வந்து கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போனது. திமிங்கிலம் வரவில்லை.

ஐந்து பேர் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்கள். ஒருத்தர் மட்டும் போகவில்லை. முழுக் காசும் திரும்ப வேணும் என்றார். "இவ்வளவு தூரம் பிளேனில் வந்தது இதுக்காகத்தான், இது நியாயமே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு போனை எடுத்து, கூகிளில் ஒரு ஸ்டார் போடப்போகிறேன் என்று காட்டினார். போட் ஓட்டுற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் "சொறி சேர், சொறி சேர்" என்று எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் முதலாளி பாதிக் காசைத் திருப்பிக் குடுத்தார். அந்தப் பாதியில் ஒரு பங்கு போட்கார அண்ணனின் கூலியில் கழிந்தது. இன்னொரு பங்கு என்னுடைய அன்றைய சம்பளத்தில் கழிந்தது.

பின்னேரம் முதலாளியிடம் கேட்டேன், திமிங்கிலம் வராததுக்கு என் சம்பளத்தில் ஏன் அண்ணை கழிக்கிறீங்கள் என்று. அவர் கெட்ட மனிசன் இல்லை. தோளில் கை போட்டுச் சொன்னார்: "வாழ்க்கையெண்டா அப்பிடித்தான் தம்பி. எல்லாம் நியாயமா நடக்குமே? பொறுத்துப் போகத்தான் வேணும்."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காசு போன கவலையை விட வேறொன்றுதான் அரித்தது. வாழ்க்கை நியாயமானது இல்லை, பொறுத்துப் போ என்ற அந்த வசனம் அன்றைக்குக் காலையிலேயே ஒருவருக்குத் தேவைப்பட்டது. கடல் தனக்குக் கடமைப்பட்டது என்று நினைத்துக்கொண்டு நின்ற அந்த மனிசனுக்குத்தான் தேவைப்பட்டது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. சுத்தி வந்து, பின்னேரம் எனக்குச் சொன்னார்கள்.

இந்தக் கட்டுரை அந்த வசனத்தைப் பற்றியது.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட ஆழ்கடல் வருவதால்தான் நீலத்திமிங்கிலம் போன்ற ஆழ்கடல் உயிர்களை இங்கே ஒரு சின்ன போட்டில் போய்ப் பார்க்க முடிகிறது. ஆனால் அது எங்கே சாப்பாடு கிடைக்கிறதோ அங்கே போகும். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் மூச்சு விட மேலே வரும் என்று அதுக்கும் எங்களுக்கும் இடையில் ஒப்பந்தம் கிடையாது. திமிங்கிலம் வராமல் போவது அநியாயம் என்றால், அது யாரும் செய்யாத அநியாயம். மழை, கச்சான் காத்து, கடல் கொந்தளிப்பு எல்லாம் அப்படித்தான். இதையெல்லாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேணும். ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று நிற்பவருக்கு எங்கட ஊரில் "எடுப்பு" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். உலகம் முழுக்கத் தனக்காகவே திறந்து வைத்திருக்கு என்ற நினைப்பு.

இன்னொரு வகை அநியாயம் இருக்கிறது. அதை யாரோ ஒருவர் மேசையில் இருந்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். என் சம்பளத்தில் கழித்தது அந்த வகை. எங்களிடம் பொறுத்துப் போகச் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகையைத்தான்.

என் அம்மம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. மாமா வெளிநாட்டில் இருக்கிறார். மாமாவின் மகளின் கலியாணத்துக்குப் போக அம்மம்மா விசா போட்டார். வங்கிக் கணக்கு, காணி உறுதி, கலியாண அழைப்பிதழ், மாமாவின் சம்பளச் சிட்டை, எல்லாம் குடுத்தோம். அந்தக் கட்டுப் பேப்பர்களை ஒன்லைனில் ஏற்ற எனக்கு இரண்டு நாள் போனது. நிராகரித்து வந்த கடிதத்தில், தங்கும் காலம் முடிய நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று இருந்தது. அம்மம்மாவுக்கு நான்தான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "நான் ஏன் அங்க நிக்கப்போறன், கோழியள ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். அதுக்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. கட்டின காசும் திரும்பி வராது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவும் அப்படித்தான்: 2024 ஜூனில் கட்டணத்தை 80 யூரோவில் இருந்து 90 யூரோவாகக் கூட்டினார்கள், நிராகரித்தால் ஒரு சதமும் கிடையாது. ஒரு ஸ்டார் போட அம்மம்மாவிடம் ஸ்மார்ட் போனும் இல்லை.

அதே கிழமை எங்கட கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஒரு பெடியன், என் வயதுதான் இருக்கும், காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே போனில் காசு கட்டித் தன் விசாவை நீட்டினான். இடம் பிடித்துப்போச்சாம், இன்னும் கொஞ்ச நாள் நிற்கப்போகிறானாம். நல்ல பெடியன், அவன்மீது எனக்குக் கோபமில்லை. நீ திரும்பிப் போவாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

கொஞ்சம் பெரிய அளவிலும் இதைப் பார்க்கலாம். 2022இல் உக்ரைன் போர் தொடங்கின பிறகு ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் இலங்கைக்கு நிறையப் பேர் வந்தார்கள். அவர்களுடைய சுற்றுலா விசாவை அரசு திரும்பத் திரும்ப நீட்டிக் குடுத்தது. போருக்குத் தப்பி ஓடினவரைக் குறை சொல்ல எங்களால் ஏலாது. எங்களில் எத்தனை குடும்பம் ஓடின குடும்பம். ஆனால் 2010 ஓகஸ்டில் "சன் சீ" என்ற கப்பலில் கனடாவில் போய் இறங்கிய 492 தமிழர்களும் போரில் இருந்து தப்பிப் போனவர்கள்தான். அவர்களைக் கொண்டுபோய்த் தடுப்புக்காவலில் வைத்தார்கள். போருக்குத் தப்பிப் போனதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கையில் இருந்த கடவுச்சீட்டுத்தான் வேறு.

2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரஷ்யர்கள் ஏற்பாடு செய்த ஒரு விருந்துக்கு விளம்பரம் போட்டார்கள்: உடுப்பும் வெள்ளை, உள்ளே விடும் முகமும் வெள்ளை. எங்கட நாட்டில், எங்கட கடற்கரையில், எங்கட ஆட்கள் கோப்பை கழுவுகிற இடத்தில். இரண்டே நாளில் சிங்கள, தமிழ், முஸ்லிம் பெடியள் எல்லாரும் சேர்ந்து சமூக ஊடகத்தில் கிழித்த கிழியில் விருந்து நிறுத்தப்பட்டது, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்பும் கேட்டார்கள். அன்றைக்கு யாரும் "வாழ்க்கை அப்படித்தான்" என்று சொல்லவில்லை. சொல்லாததால்தான் அது நின்றது.

எங்கட சொந்த ஆட்சியாளர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். என் அப்பா ஆட்டோதான் ஓடுகிறார். 5 லீற்றரில் ஒரு குடும்பத்தை ஒரு கிழமைக்கு ஓட்டுவது எப்படி என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அதே வருசம் சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனி எரிபொருள் அட்டை வந்தது. டொலர் வேணும், அதால் செய்தோம் என்றார்கள். நாட்டில் டொலர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த இல்லாமையை யார் உண்டாக்கினது? அது மழை மாதிரி வானத்தில் இருந்து விழுந்ததா?

சட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்றும் பார்ப்போம். 2012இல் மூன்று பிரெஞ்சுப் பயணிகள் புத்தர் சிலையோடு முத்தமிடுவது போலப் படம் எடுத்தார்கள். காலி நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்து, அதை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தது. அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2015இல் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு ஏழைத் தமிழ்ப் பெண், கூட வேலை செய்கிறவர்களோடு சீகிரியாவுக்குச் சுற்றுலா போய், கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறினாள். தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு வருடச் சிறை விதித்தது. ஒத்திவைப்பு இல்லை. குரல்கள் எழும்பி, ஜனாதிபதி மன்னிப்புக் குடுத்த பிறகுதான் அவள் வெளியே வந்தாள்.

சட்டம் வேறு, வழக்கு வேறு, நீதவான் வேறு என்று சட்டபீட நண்பன் ஒருத்தன் எனக்கு விளங்கப்படுத்தினான். சரி. பழைய சுவரில் கீறுவது பிழை என்பதிலும் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் அந்தச் சுவர் எதுக்காகப் பேர்போனது? நூற்றாண்டுக் கணக்காக அங்கே பார்க்க வந்தவர்கள் கீறிவிட்டுப் போன வரிகளுக்காகத்தான். அதில் 685 பாட்டுக்களை வாசித்தெடுத்து செனரத் பரணவிதான 1956இல் புத்தகமாகவே போட்டார். பழைய பயணியின் கிறுக்கல் தேசியச் சொத்து, பிரெஞ்சுப் பயணியின் கூத்துக்கு ஒத்திவைத்த தண்டனை, மட்டக்களப்புப் பெண்ணின் பெயருக்கு உடனடிச் சிறை. இதையும் வாழ்க்கை என்று சொல்லிப் பொறுத்துப் போவதா?

இப்ப மற்றப் பக்கம். சுற்றுலாப் பயணிகள் அடிக்கடி சொல்லும் ஒரு முறைப்பாடு, நுழைவுச்சீட்டு விலை. சீகிரியா ஏற வெளிநாட்டவருக்கு 30 டொலருக்குக் குறையாது. உள்ளூர்க்காரர் சில்லறைக் காசோடு ஏறுகிறார். "இது பாகுபாடு, நான் உங்கட ஆளாய் இல்லாததுக்குத் தண்டனையா?" என்று ஒரு அம்மா என்னிடம் அரைமணித்தியாலம் கதைத்தார். நான் ஆறுதலாகக் கேட்டேன். ஒரு விதத்தில் அவர் சொல்வது சரி. ஒரே படியில் ஏறும் இரண்டு பேருக்கு இரண்டு விலை. ஆனால் அந்த வித்தியாசம் சீகிரியா டிக்கட் கவுண்டரில் தொடங்கவில்லை. அவருடைய ஒருநாள் சம்பளத்துக்கும் என் அப்பாவின் ஒருநாள் உழைப்புக்கும் நடுவில் தொடங்கினது அது. எனக்கு முன்னால் ஒரு விசா அதிகாரி இருக்கிறார், அவருக்கு முன்னால் ஒரு டிக்கட் கவுண்டர்தான் இருக்கிறது. அவர் காசைக் கட்டி உள்ளே போகலாம். என் அம்மம்மா காசைக் கட்டியும் உள்ளே போக ஏலாது.

ஆனால் முறைப்பாடு செய்கிற வெள்ளைக்காரர் எல்லாம் எடுப்புப் பிடித்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. 2014இல் ஒரு பிரித்தானியப் பெண்ணை, கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தாள் என்பதற்காக விமான நிலையத்தில் பிடித்து, தடுத்து வைத்து, நாடுகடத்தினார்கள். அவள் அடிப்படை உரிமை வழக்குப் போட்டாள். 2017இல் உயர் நீதிமன்றம் அவளுக்கு 8 இலட்சம் ரூபாய் நட்டஈடு குடுக்கச் சொன்னது. அவளுக்கு நடந்தது யாரோ செய்த அநியாயம். அவள் அதைப் பொறுத்துப் போகவில்லை. அது எடுப்பு இல்லை, உரிமை. திமிங்கிலத்துக்காக என்னைத் திட்டின மனிசனையும் இவளையும் ஒரே தராசில் வைக்க ஏலாது. பாஸ்போட்டின் நிறத்தை விட்டுவிட்டு, கேட்கிறவர் எதுக்கு எதிராகக் கேட்கிறார் என்றுதான் பார்க்க வேணும்.

அப்படிப் பார்த்தால் எங்களையும் பார்க்க வேணும். இரண்டாம் வருடத்தில் எங்கட பட்ச் நுவரெலியாவுக்கு ட்ரிப் போனது. பஸ்ஸில் பெரிய சத்தமாய்ப் பாட்டு, லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆட்டம். தேயிலைக்குள்ளே கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற அக்காமாரைக் கேட்காமலே, கிட்டப் போய் நின்று செல்பி எடுத்தோம். என் போனிலும் அந்தப் படம் இருந்தது. ஒரு அக்காவிடம் பிறகு கேட்டேன், எடுக்கலாமா அக்கா என்று. "எடுங்க எடுங்க, எல்லாரும் எடுக்கிறாங்கதானே" என்றார். கொழுந்து எடுக்கிற கை நிற்கவில்லை. அவருக்கு அன்றைய நிறை எடுக்க வேணும், இல்லாட்டி நாட்சம்பளம் குறையும். ஒரு நாளைக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கைக்காக மலையகத் தொழிலாளர்கள் வருடக்கணக்காகப் போராட வேண்டி இருந்தது, 2021இல்தான் அது கிடைத்தது. அந்த நேரம் எங்கட பஸ்ஸில் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. குளிருக்கு ஹொட்டேலில் சுடுதண்ணி வரவில்லை என்று மட்டும் கத்தினோம்.

நான் அன்றைக்கு அந்த மலையில் வெள்ளைக்காரன். பஸ்ஸில் வந்து இறங்கினவனுக்கு எல்லாம் காட்சி, நின்று வேலை செய்கிறவருக்கு அது அவருடைய நாள். இப்ப அந்தப் படம் என் போனில் இல்லை. அழித்ததால் எதுவும் சரியாகிவிடவில்லை என்பதும் தெரியும்.

"இப்பிடி எழுதிக்கொண்டிருந்தால் சுற்றுலா வருமா? 2019 ஈஸ்டருக்குப் பிறகு பட்டது காணாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2018இல் 23 இலட்சம் பேர் வந்த நாடு, குண்டு வெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி எல்லாம் கடந்து 2024இல்தான் திரும்ப 20 இலட்சத்தைத் தாண்டினது. அந்த இடைப்பட்ட வருடங்களில் உப்புவெளியில் பூட்டிக் கிடந்த கேட்டுகளை நான் பார்த்தவன். எங்கட வீட்டுச் சோற்றிலும் அந்த டொலரின் பங்கு இருக்கிறது. சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இல்லை.

ஆனால் சுற்றுலா வேணும் என்பதும், வருகிறவர் எது கேட்டாலும் வேலை செய்கிறவனின் சம்பளத்தில் கழித்துக் குடுப்பதும் இரண்டு கதை. விருந்தினரை உபசரிக்க எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, அது எங்கட வீட்டுப் பழக்கம். வீட்டுக்கு வந்தவர் சோறு சரியில்லை என்று அம்மாவின் கையில் இருந்து தட்டைப் பறித்தால் அவர் விருந்தாளி இல்லை. விளம்பரத்தில் இலங்கையரின் சிரிப்பைக் காட்டி விற்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குச் சம்பளம், லீவு, ஓவர்டைம் எல்லாம் எழுத்தில் இருக்கா என்று விளம்பரம் எடுக்கிறவர் கேட்பதில்லை. சீசனுக்கு வேலை செய்கிற என் போன்ற பெடியள் முக்கால்வாசிப் பேருக்கு நியமனக் கடிதமே கிடையாது.

அதால் நான் பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. திமிங்கிலம் வராமலும் போகலாம், அதுக்குக் காசு திரும்பத் தரப்படாது என்று போட்டில் ஏற முதலே இங்கிலிசில் எழுதிக் காட்டுங்கள். திருப்பிக் குடுக்க விரும்பினால் முதலாளியின் இலாபத்தில் குடுங்கள், கூலியில் கை வைக்க வேண்டாம். வேலைக்கு எடுத்தால் ஒரு துண்டிலாவது சம்பளத்தை எழுதிக் குடுங்கள். இது மூன்றும் செய்ய ஒரு டொலர் கூட வெளியில் இருந்து வரத் தேவையில்லை.

என் வயது ஆட்களுக்கும் ஒன்று. வாழ்க்கை நியாயமில்லை, ஏற்றுக்கொள் என்று யாராவது சொன்னால் உடனே கோபப்படாதீர்கள், உடனே தலையாட்டவும் வேண்டாம். இதை யார் செய்தது என்று ஒருக்கா கேளுங்கள். ஒருவரும் செய்யவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. திமிங்கிலம் வராத காலையில் டொல்பினைப் பார்த்துக்கொண்டு வந்த அந்த மற்ற ஐந்து பேருக்கும் அது தெரிந்திருந்தது. ஒருவர் செய்தது என்றால் அவருடைய பெயரைக் கேளுங்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இந்த வருடச் சீசன் தொடங்க முதல் முதலாளியிடம் போனேன். இனிமேல் கழிக்கிறது எண்டா நான் வரமாட்டன் அண்ணை, போட்கார அண்ணனுக்கும் கழிக்க ஏலாது என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "போர்டில என்ன எழுதவேணும் எண்டு எழுதித் தா" என்றார். எழுதிக் குடுத்தேன். இப்ப வாசலில் தொங்குகிறது.

அம்மம்மா இரண்டாவது தரம் விசா போட்டிருக்கிறார். கலியாணம் முடிந்துவிட்டது, பேத்திக்கு இப்ப குழந்தை பிறக்கப்போகிறது. திரும்பி வருவேன் என்பதுக்கு ஆதாரமாக இந்தமுறை என்னென்ன பேப்பர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். "கோழியளின்ர படத்தையும் வை" என்றார் அம்மம்மா. வைத்திருக்கிறேன்.